தம்பி தொடாத பொத்தான்கள்

அந்தக் கம்ப்யூட்டர் பார்ப்பதற்கு வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியோடு இணைக்க வேண்டும். விளையாட்டு கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட விட்டால், தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் ஐந்து நிமிடம் கேட்கும். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் துள்ளும். எல்லாம் ஏறி முடிந்தால் ஒரு குள்ள மனிதன் வந்து நிற்பான். அவனைப் பலகைக்குப் பலகை தாவ வைத்து, சாவிகளைப் பொறுக்கி, அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும். சில பலகைகள் மிதித்ததும் உதிர்ந்துவிடும். மூன்று உயிரும் போனால் மறுபடி முதல் அறை. இதை இப்போது என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். காரைக்குடி வீட்டில் அம்மா, நான், என்னைவிட நான்கு வயது இளைய தம்பி. அப்பா ஒரு லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த பொருள் அது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் என்பது அம்மா போட்ட சட்டம். தம்பி பன்னிரண்டாவது அறை வரை போனான். நான் ஐந்தைத் தாண்டியதே இல்லை. அவனுக்கு வயது ஒன்பது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிறு விளையாட்டு ஏறவில்லை. சத்தம் வந்தது, கோடுகள் துள்ளின, முடியப்போகிற நேரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அதே கதை. கடைசியாக விளையாடியவன் தம்பி. அவன் பொத்தான்களைப் போட்டு அடித்ததில்தான் கெட்டுப்போனது என்று நான் சொன்னேன், அம்மா நம்பினார். "நான் ஒண்ணுமே செய்யலம்மா" என்று அவன் அழுததை யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாவுக்கு நானே கடிதம் எழுதினேன். பதிலில் தம்பிக்கு ஒரு வரிதான் இருந்தது. இனி அவன் அதைத் தொடக் கூடாது.

அவன் தொடவில்லை. கூடத்துத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் விளையாட ஆரம்பித்தான். பூப்போட்ட கல் பலகை, மற்றதெல்லாம் பள்ளம். கேசட் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டு பூவுக்குப் பூ தாவுவான். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டான்.

இப்போது அவன் சிவகங்கையில் குமாஸ்தா. வீட்டில் மிக்ஸி நின்றால் மனைவியைக் கூப்பிடுவான், போனில் ஏதாவது சிக்கல் என்றால் மகளை. கார் இருக்கிறது, ஓட்டுவது மனைவிதான். "நீ தொட்டா விளங்குமாடா" என்று எத்தனையோ விசேஷ வீடுகளில் நானே அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

இந்த முழுப் பரீட்சை லீவில், பேப்பர் திருத்தி முடித்த கையோடு, பரணிலிருந்து கம்ப்யூட்டரும் டேப் ரெக்கார்டரும் இருந்த பெட்டியை இறக்கினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெயிலில் வெளியே போக முடியவில்லை. ரேடியோ கடைக்காரர் டேப் ரெக்கார்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "பெல்ட்டு தார் மாதிரி உருகிக் கெடக்கு டீச்சர், ரெண்டு நாள்ல மாத்தித் தாரேன்" என்றார். கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. பழைய டிவியோடு இணைத்ததும் அதன் முதல் எழுத்துகள் சரியாக வந்து நின்றன. தம்பிக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழம வாரேன். நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுராதக்கா" என்றான்.

ஆரம்பித்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? டேப் ரெக்கார்டர் திரும்பி வந்ததும் கேசட்டைப் போட்டேன். முடியப்போகிற நேரத்தில் நின்றது. அத்தனை வருடத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு கேசட்டில்தான். அப்போதெல்லாம் திரை நின்றதும் டேப்பையும் நிறுத்திவிடுவோம். இப்போது கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு, பாட்டுக் கேட்பது போல வெறுமனே ஓட விட்டேன். தகரச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது, சட்டென்று அறுந்தது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அப்பா, நல்லா இருக்கீகளா? இங்க எல்லாரும் சொகமா இருக்கோம். தம்பிதான் என்னைய வெளையாட விட மாட்டேங்குறான். அவன்கிட்ட அதத் தொட வேணாம்னு சொல்லுங்கப்பா."

என் குரல்தான். அப்போதெல்லாம் சிங்கப்பூர் போகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவது வழக்கம். வீட்டில் வேறு காலிக் கேசட் இல்லை. விளையாட்டு முடிந்த பிறகு மிச்சமெல்லாம் காலிதானே என்று அதில் பேசினேன். முதல் தடவை பேசியது பிடிக்காமல் பின்னால் சுற்றி மறுபடி பேசினேன். கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருக்கிறேன், விளையாட்டின் வால் அழிந்துவிட்டது. கொண்டுபோக இருந்தவர் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டதால் கேசட் போகவில்லை. நான் பேசியதையே மறந்துபோனேன். நான் கணக்கு டீச்சர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். அதே விளையாட்டின் சத்தம் இணையத்தில் கிடைக்கிறது. போனில் இறக்கி, போனிலிருந்து வயர் போட்டு ஓட விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிறது. கேசட் தேவையே இல்லை. அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து தம்பி வந்தான். விளையாட்டு ஏறும் வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். குள்ள மனிதன் வந்தான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"தொடலாமாக்கா?" என்றான்.

கிண்டலாகக் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை. தலையில் பாதி முடி நரைத்த மனிதன். எனக்கு அவமானமாக இருந்தது. போய்ப் பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்து வந்து போட்டேன். என் குரல் முடியும் வரை நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

அவன் கேசட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இத அப்பா கேட்டாகளா?"

"இல்லடா. கேசட்டு போகவே இல்ல."

"அப்ப நான்தான் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டாக."

"மன்னிச்சிருடா" என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ரப்பர் பொத்தான்மேல் ஒரு விரலை வைத்தான். முதல் அறையிலேயே மூன்று உயிரும் போனது. மறுபடி ஆரம்பித்தான். மூன்றாவது தடவையில் விரல்களுக்கு வழி ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, பொத்தான்களைப் போட்டு அடிக்கத் தொடங்கினான். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. ஒரு மணி நேரம் முடிந்தது, இரண்டும் முடிந்தது. என் முறையை அவன் தரவில்லை, நானும் கேட்கவில்லை.