வெங்காயம் வெட்டியதை அறிவித்தேன்

வேலையில்லாமல் இருப்பதைச் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒருநாளும் அரசாங்க உதவிப்பணம் எடுத்துப் பார்க்காதவர்கள். படிவம் நிரப்பி, கையொப்பம் வைத்து, வரிசையில் காத்திருக்கிற முழுநேர உத்தியோகம் அது. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் ஓக்லாந்தில் பதினொரு மாதம் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். வேலை செய்த பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனைவி சாந்தியும் மகளும் கொழும்பில். எனக்கு வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் போனால்தான் அவர்களுக்கு விசா.

கல்யாணக் கோட்டு

முதல் நாள், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு, டை கட்டி, சான்றிதழ்க் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உதவிப்பண அலுவலகத்துக்குப் போனேன். கந்தோருக்கு வேறெப்படிப் போகிறதாம்? அங்கே எல்லாரும் அரைக் காற்சட்டை, ரப்பர் செருப்பு. ஒருவருக்கு அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த சமோவாக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாக எழும்பித் தன் படிவத்தை நீட்டினார்.

"ஐயா, என்னை எப்ப கூப்பிடுவீங்கள்? காலமை தொடக்கம் இருக்கிறன்."

வீட்டில் யார் யார்?

என் அலுவலைப் பார்த்தவர் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண். சிரிக்காத மனுசி, ஆனால் ஆறுதலாகக் கேட்பார். வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. நிலைமையில் ஏதும் மாற்றமுண்டா? இல்லை. உள்ளதைச் சொன்னால், மவுண்ட் ரோஸ்கில்லில் அந்த ஒற்றை அறையில் சில நாட்களில் என் குரலை நானே கேட்டதில்லை. பஸ் டிரைவருக்கு ஒரு தாங்ஸ், டெயரி என்கிற மூலைக்கடைக்காரருக்கு ஒரு தாங்ஸ், அவ்வளவுதான். என் பாடு என்ன என்று விசாரிக்க அந்தப் படிவத்தை விட்டால் ஆளில்லை. அதனால் ஒரு கேள்வியையும் விடாமல், வீட்டுக்குக் கடிதம் எழுதுவதுபோல வடிவாக நிரப்புவேன். ஹெலன் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லுவார்.

"ஆராவது உங்களோட வந்து இருந்தால் உடனே எங்களுக்கு அறிவிக்க வேணும், சரியோ?"

சாமத்தியவீடு

பாபகூராவில் எங்கள் ஊர்க்காரர் சோதி அண்ணையின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீட்டுச் சடங்கு. விசேஷம் என்றால் முதல்நாளே ஆம்பிளைகள் போய் மரக்கறி வெட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வேலையில்லாதவனுக்கு இதைவிட என்ன வேலை? இரண்டு நாள் நின்று மூட்டை வெங்காயத்தையும் வெட்டித் தள்ளினேன். பத்துப்பேரோடு கதைத்துச் சிரித்தேன். அறைக்குத் திரும்பினால் படிவம். சம்பளத்துக்கோ சும்மாவோ ஏதாவது வேலை செய்தீர்களா? அடடா, எழுத ஒரு விசயம் கிடைத்துவிட்டதே! "ஓம். வெங்காயம் வெட்டியது, பதினாறு மணித்தியாலம், சோதிலிங்கம் வீடு" என்று எழுதிவிட்டேன்.

போதாதா? உதவிப்பணம் நின்றது. சம்பளத்துக்கு வைத்திருக்கவில்லை என்று சோதி அண்ணை கடிதம் தர வேண்டுமாம். கேட்கப் போன என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"விசரா! என்ர பிள்ளையின்ர சாமத்தியவீட்டையுமோ அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தனி?"

திறமை என்ற கட்டம்

ஏசினாலும் கடிதம் தந்தார். முந்நூறு பேரின் சமையலுக்கு இவர் தனியாளாக வெங்காயம் முழுவதையும் வெட்டினார், ஒரு சதமும் வாங்கவில்லை என்று எழுதியிருந்தார். ஹெலன் அதை இரண்டு தரம் வாசித்தார். பதினொரு மாதமாகத் திறமை என்ற கட்டத்தில் "கணக்காளர்" என்று மட்டுமே எழுதி வந்திருந்தேன். ஹெலன் அதன் பக்கத்தில் "மரக்கறி வெட்டுவார்" என்று எழுதிவிட்டுப் போனை எடுத்து, விரி என்ற இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையோடு கதைத்தார். திங்கட்கிழமை தொடக்கம் மரக்கறிப் பகுதியில் வேலை. வேலைக் கடிதமும் தருவார்களாம்.

பஸ் தரிப்பில் நின்று அழுதேன். பக்கத்தில் சொல்லி மகிழ ஒரு மனிசரில்லை. அறைக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்துச் சொன்னேன். சாந்தி திருப்பிக் கேட்டாள்.

"என்னப்பா சொல்லுறியள்? இஞ்ச இருக்கேக்க ஒரு வெங்காயம் உரிச்சுத் தந்திருப்பியளே?"

கடைசி அறிவித்தல்

விசாவுக்கு இன்னும் ஏழு மாதம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். மறுநாள் லீவு போட்டு, அதே கல்யாணக் கோட்டோடு, இருவரையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். "வீட்டில் ஆட்கள் வந்திருக்கினம், அறிவிக்க வந்தனான்" என்று ஹெலனிடம் சொன்னேன். அவர் சாந்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், முதல்முறையாகச் சிரித்தார்.

"உங்கட கோப்பை எப்பவோ மூடியாச்சு. இனி ஆரோட இருக்கிறியள் எண்டு நாங்கள் கேக்கமாட்டம்."

வேலை கிடைத்ததால் எனக்கு வந்த ஒரே நட்டம், அந்தக் கேள்வியைக் கேட்க ஓக்லாந்தில் இருந்த ஒரே ஆளை இழந்ததுதான்.