படத்தோடு கேட்பதற்காக வைத்திருந்த பாட்டு

மாமா இயர்போனின் இடது முனையைத்தான் எப்போதும் என்னிடம் நீட்டுவார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் சீக்கிரம் திறக்காது என்பது டெல்டா முழுக்கத் தெரிந்த விஷயம். பஸ், டிராக்டர், கல்யாண வேன் எல்லாம் வரிசைகட்டி நிற்க, பைக்கை ஓரங்கட்டிவிட்டு மாமா பெட்ரோல் டேங்கின் மேல் போனைச் சாய்த்து வைப்பார். ஆளுக்கு ஒரு முனையைச் செருகிக்கொண்டு நாங்கள் ஜப்பானுக்குப் போய்விடுவோம். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றின் முதல் பாகத்தில் முக்கால்வாசியை அந்தக் கேட்டில்தான் பார்த்து முடித்தோம். கேட் திறந்த பிறகும் நகராமல் நின்று பின்னால் வந்த லாரிக்காரரிடம் திட்டு வாங்கியதும் உண்டு. இடது முனை எனக்கு ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து மாமாவின் இடது காது முழுசாகப் போயிருந்தது. வீட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அவரும் எங்கே போனாலும் ஆட்கள் தன் வலது பக்கம் வருகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

அம்மாவின் கடைசித் தம்பி அவர், எங்கள் வீட்டில்தான் இருந்தார். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர் என்பதால், முறைக்குத்தான் மாமாவே தவிர பேச்செல்லாம் சேக்காளி மாதிரி. அறுவடை மிஷின் ஓட்டினார். தை பிறந்துவிட்டால் வலங்கைமான் பக்கம், கும்பகோணம் பக்கம் என்று வயல்வயலாகப் போய்க்கொண்டே இருப்பார். கடல் கொண்டுபோன தன் ஊரைத் தேடிப் புறப்படும் ஒரு பெண்ணின் கதைதான் நாங்கள் பார்த்த தொடர். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ஒரு ராக் இசைக்குழுவின் பாட்டு வரும். தகரத்தைக் கிழிப்பது போல ஒரு கிட்டார், அதன் மேல் ஏறிவந்து உச்சத்தில் உடைந்துபோகும் ஒரு குரல். மாமாவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் மிஷின் இரைச்சலுக்கு மேல் அந்தப் பாட்டைத் தன் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டுக் கத்துவார். வரப்பில் நிற்கும் நிலத்துக்காரர், "யாரைப்பா திட்டுறான் இவன்?" என்று கேட்பாராம்.

பாட்டைவிட எங்களுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. அந்தப் பாட்டை முதன்முறை கேட்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே படம் பிடித்துப் போடும் ரியாக்‌ஷன் வீடியோக்கள். பிரேசில்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விடுவார். பிலிப்பைன்ஸ் அக்கா தங்கை இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் ஏற்கெனவே உணர்ந்துவிட்ட ஒன்றை உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் ஒரு முகம் இப்போதுதான் உணர்கிறது என்பதைப் பார்ப்பதில் சொல்ல முடியாத ஒரு போதை. மாமா அதில் போலிகளைக் கண்டுபிடிப்பதில் கில்லாடி. "இவன் முன்னாடியே கேட்டுட்டான்டா மாப்ள. டிரம்ஸ் வர்றதுக்கு முந்தியே தலைய ஆட்டுறான் பாரு, திருட்டுப் பய!"

அந்த ரசிகர் உலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விரதம் உண்டு. பாட்டு தனியாக முன்னாலேயே வெளியானாலும் கேட்கக் கூடாது. எபிசோடில், படத்தோடு சேர்த்துத்தான் முதல் தடவை கேட்க வேண்டும். எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை. மாமா சபரிமலைக்கு மாலை போட்டவர் மாதிரிக் கடைப்பிடித்தார்.

இரண்டாம் பாகத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோம். இந்த வருஷம் தை மாதம் வந்தது. அதே குழு, புதுப் பாட்டு. சனிக்கிழமை சாயங்காலம் முதல் எபிசோடு. ஆனால் பாட்டின் ஆடியோவை வியாழக்கிழமையே விட்டுவிட்டார்கள். தஞ்சாவூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த நான் கிளாஸை விட்டு வெளியே ஓடிவந்து போன் செய்தேன்.

"மாமா, வந்துருச்சு! ஜனங்க வெறி புடிச்சுக் கெடக்குறாங்க. ஒரே ஒரு தடவ கேட்டுரலாமா?"

"செருப்பு பிஞ்சிரும். சனிக்கெழம வீட்டுக்கு வா, சேந்து கேப்போம். படம் இல்லாம பாட்டு மட்டும் கேக்குறது, எலை போடாம தரையில சோத்தக் கொட்டுன மாதிரிடா."

"மூணு நிமிஷந்தான் மாமா..."

"எங்கடா ஓடிரப் போவுது பாட்டு? அங்கதான இருக்கும்."

பாட்டு அங்கேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், வலங்கைமான் பக்கம் ஒரு வயலில் மாமா மிஷினில் ஏறிச் சாவியைத் திருப்பியிருக்கிறார். இன்ஜின் சத்தமே வரவில்லை. பேட்டரி போச்சு என்று நினைத்து மறுபடி திருப்பினார். மறுபடியும் திருப்பினார். சீட்டின் அதிர்வு பழகிப்போய் உறைக்காமல், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் அவர் சாவியைத் திருப்பத் திருப்பப் பல்சக்கரம் கரகரவென்று அலற, நிலத்துக்காரர் வரப்பிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வாய் அசைவதைப் பார்த்த பிறகுதான் மாமாவுக்குப் புரிந்திருக்கிறது. பிறகு எனக்குப் போன் செய்தார். "ஹலோ, மாப்ள, பேசுடா. டேய், வெளையாடாத, பேசு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.

அன்று மத்தியானமே தஞ்சாவூரில் காது டாக்டரிடம் காட்டினோம். நரம்பு சம்பந்தப்பட்டது, சில பேருக்கு இப்படித் திடீரென்று போவதுண்டு, காரணம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஊசி ஆரம்பித்தார்கள். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நான் அதை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, மாமா இரண்டாவது பாதியை விரலால் மூடிக்கொண்டு முதல் பாதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவரேதான் லேப்டாப்பை எடுத்துவந்து கூடத்தில் வைத்தார். தன் குரலே தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி, "போடுடா!" என்றார்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். "ஏன்டா, அவனே ஒடிஞ்சு போயிக் கெடக்கான். இப்ப பொம்மப் படம் ஒண்ணுதான் கொறச்சலா?"

மாமா அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, "கொறச்சல்தான்க்கா" என்றார். எப்படிப் படித்தாரோ.

நான் பிளேயை அழுத்தியதும் அவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, என் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். "நீ பாட்டப் பாரு. நான் ஒன்னப் பாக்குறேன். நடிச்சேன்னு வையி, பல்லப் பேத்துருவேன்."

எபிசோடில் அந்தப் பாட்டு ஒன்றரை நிமிஷத்துக்குத்தான் வரும். எத்தனையோ வருஷம் காத்திருந்த பாட்டு. அது காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. என் புருவத்தை, உதட்டை, கழுத்து நரம்பைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள்தான் உள்ளே போயின. எங்கோ நடுவில், இசை எல்லாம் சட்டென்று நின்ற ஓர் இடத்தில், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா முன்னால் குனிந்தார். "பாட்டுக்கு அழுவுறியா, எனக்கு அழுவுறியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எதுக்குடா ஆட்டுற? எதுன்னு சொல்லு!"

எது என்று எனக்கே தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னொரு தடவ போடு. இப்ப என்ன மறந்துட்டுப் பாரு" என்றார். எப்படி மறப்பது?

ஊசியெல்லாம் முடிந்தது. வலது காது திரும்பவில்லை. காதுக்குள் அறுத்துப் பொருத்துகிற கருவி ஒன்று உண்டு, அதை வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும், பாட்டு பாட்டாகக் கேட்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. மிஷினை அவரிடம் யாரும் தருவதில்லை. அடுத்த அறுவடையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதும் இல்லை. நெட்டில் புதுப் பாட்டின் கீழே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். முதல் பாகத்துப் பாட்டின் வெறி இதில் இல்லை, குழு சோர்ந்துவிட்டது என்று ஒரு கட்சி. இதுதான் முதிர்ச்சி, உங்களுக்குக் காது இல்லை என்று இன்னொரு கட்சி. மாமா நாள் முழுக்க அந்தச் சண்டையைப் படிக்கிறார். பார்க்காத ஊரை வந்தவன் போனவன் பேச்சை வைத்தே வரைந்துவிடப் பார்ப்பவர் போல, ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துப் படிக்கிறார்.

போன வாரம் ஹாஸ்டலில் அந்தக் கருத்துகளைத் தள்ளிக்கொண்டே போனபோது மாமாவின் பெயரைப் பார்த்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார். "நடுவுல எல்லாம் நின்னுபோற எடத்துல என்ன இருக்கு? யாராவது சொல்லுங்க." கீழே தமிழ்ப் பையன் ஒருவன், "ஹெட்போன் மாட்டிக் கேளுங்க ப்ரோ, தெரியும்" என்று சிரிக்கும் பொம்மையோடு பதில் எழுதியிருந்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். நிறையப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். மாமாவும் போட்டிருந்தார்.

நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு வாட்ஸப்பில் அவருக்கு எழுதினேன். "டிரம்ஸ் நின்னுரும் மாமா. கிட்டாரும் இல்ல. பாடுறவரு மூச்ச உள்ள இழுக்குற சத்தம் மட்டும் கேக்கும்."

உடனே பதில் வந்தது. "அப்புறம்?"

பாட்டை மறுபடி ஓட்டிக் கேட்டுவிட்டு எழுதினேன். "அப்புறம் குரல் வரும். போன பாட்டு மாதிரி ஒடையல. ஒடையப் போற மாதிரி வந்து, ஒடையாம நிக்கும்."

"அப்புறம்?"

அதற்குப் பிறகு நான் அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. கேட்கக் கேட்கப் பாட்டு போய், வெறும் சத்தம்தான் மிஞ்சுகிறது. எழுதுகிற வார்த்தை ஒவ்வொன்றையும் அழித்துவிடுகிறேன். பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைக்கூட என்னால் இனி யாருக்கும் சொல்ல முடியாது. மாமா ஆன்லைனில்தான் இருக்கிறார், காத்துக்கொண்டு.