ஒருத்திக்காக ஒரு குப்பி

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவளுக்கு ஏழாம் மாதம். பக்கத்து மெஷினில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தவள், எங்கும் பரவிய அந்தக் காய்ச்சலில் வயிற்றுப் பிள்ளையோடு கண்ணை மூடிவிட்டாள். அவளுடைய மெஷினுக்கு உறை போட்டு வைத்திருந்தார்கள். காலர்காரிக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயம்.

தடுப்பூசி போட்டுக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆசைப்பட்டு என்ன? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மாமியார் முட்டுக்கட்டை. "டாக்டரே போடச் சொல்லலையே" என்று புருஷன். டாக்டரம்மாவோ, "போட்டுக்கலாம், உங்க இஷ்டம்" என்று பட்டும் படாமலும் சொன்னார். இஷ்டமாம்! இவளிடம் யார் எப்போது இஷ்டம் கேட்டார்கள்? அக்கா போட்டுக் கழித்த சட்டை, அக்கா கிழித்த புத்தகம், அக்கா வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை. இதுதான் இவள் கதை.

எப்படியோ அழுது புரண்டு வீட்டைச் சம்மதிக்க வைத்து, சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி அரைநாள் லீவு வாங்கி, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அங்கே ஈ காக்கை இல்லை.

"நீ ஒருத்திதானாம்மா?" என்றாள் நர்ஸ். "ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து இருக்கு. திறந்துட்டா சாயங்காலம் வரைக்கும்தான். மிச்சத்தைக் கீழதான் கொட்டணும். அப்புறம் மேலிடத்துக்குப் பதில் சொல்லி மாளாது. புதன்கிழமை வா, நாலு பேர் சேர்ந்து வருவாங்க."

காலர்காரி உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"இப்பத் திரும்பிப் போனா, 'பார்த்தியா, நடக்கக் கூடாதுன்னுதான் இருக்கு'ன்னு வீட்டுல முடிச்சிடுவாங்க சிஸ்டர். அப்புறம் நான் வரவே மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

நர்ஸ் அவளுடைய வீங்கிய காலைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து வார்டில் நின்று நின்று நர்ஸுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. பெருமூச்சு விட்டபடி குளிர்ப்பெட்டியைத் திறந்தாள்.

"போட்டுட்டு, தெரிஞ்சவங்க இருந்தா போன் பண்ணி வரச் சொல்லு."

ஊசி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி, கம்பெனியில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருத்திக்கு லீவு இல்லை. ஒருத்திக்குப் பயம். ஒருத்தி போனையே எடுக்கவில்லை. சாயங்காலம் நர்ஸ் மிச்ச மருந்தோடு குப்பியைக் கொட்டுவதற்காக ஒதுக்கிவைத்தாள். காலர்காரியை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"வலிச்சுதா?" என்று வீட்டில் புருஷன் கேட்டான்.

"வலி கிடக்கட்டும். எனக்கு ஒருத்திக்காகப் புதுசா ஒரு குப்பியையே பிரிச்சாங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஊசி போட்ட இடம் வலிக்கிறதாக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.