பத்தாத வயசு

அக்காவைப் பள்ளியில் சேர்த்த கதையை நைனா கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். செஞ்சிக் கடைவீதியில் வெல்லமும் புளியும் விற்ற எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அக்காவுக்கு அப்போது ஆறரை. காதைத் தொட்டதோடு நிற்காமல் கன்னத்தையும் கிள்ளிக் காட்டினாளாம். "ஆறு தாண்டியிருக்குமே?" என்று தலைமையாசிரியர் கேட்க, "அஞ்சே போடுங்க சார். பின்னாடி சர்க்கார் வேலைக்கு ஒதவும்" என்றாராம் நைனா. மகளுக்கு ஒன்றரை வயதை மிச்சம் பிடித்துக் கொடுத்ததில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

என்னைச் சேர்க்கும் நாளில் கடையில் சரக்கு இறங்கியது. அம்மாதான் கூட்டிப்போனாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. உள்ள தேதியைச் சொல்லிவிட்டு வந்து நைனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள்; எனக்குக் கீழே ஒரு தம்பி. நான் மக்கு. வெல்லக் கட்டியை உடைத்து உடைத்துத்தான் அவள் எனக்குப் பின்னக் கணக்கைப் புரியவைத்தாள். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கித் தேறினாள். ஆசிரியப் பயிற்சியில் சேர்க்க நைனாவே அழைத்துப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்த கிளார்க் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, "வயசு பத்தலையே. அடுத்த வருஷம் பாக்கலாம். விலாசத்த குடுத்துட்டுப் போங்க, கார்டு போடறோம்" என்றார். "நெஜ வயசு அது இல்லீங்க சார்" என்று தொடங்கிய நைனா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு வருஷமா? பொண்ணுக்கு வயசு ஏறிக்கினே போவுது" என்றாள். அங்கே பத்தாத வயசு இங்கே ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போன இடத்தில் ஒரு வரனைப் பேசி முடித்தார்கள். அவலூர்பேட்டைப் பக்கம், வானம் பார்த்த நிலம். நைனா தடுத்திருக்கலாம். செய்த தப்புக்குக் கூசிப்போய் வாயே திறக்கவில்லை. அதற்காக அவரை நான் வெகுநாள் மன்னிக்கவில்லை.

மறுவருடம் சொன்னபடி கார்டு வந்தது. தபால்காரர் என் கையில் கொடுத்தார். நைனா கண்ணில் காட்டாமல் பஸ் ஏறினேன். அக்கா நிறைமாத வயிற்றோடு விதைக் கடலைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தாள்.

"இப்ப வயசு பத்துதாமா?" என்றாள். பிறகு, "நைனாகிட்ட சொல்லாதடி. ஒடஞ்சிடுவாரு."

டீச்சர் வேலைக்கு நான் போனேன். என் சம்பளத்தில் எங்கள் கூரை வீடு ஓட்டு வீடானது, தம்பி காலேஜ் வரைக்கும் போனான். மழை இல்லாத வருடங்களில் அக்கா அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தாள். மக்கு நான் அரிசிச் சோறு சாப்பிட்டேன், கெட்டிக்காரி கூழ் குடித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது அந்த ஒன்றரை வயதுதான்.

எனக்கு வேலை கிடைத்தது அவள் ஊர்ப் பள்ளியில். ஒரு ஜூன் மாதம் மகளைச் சேர்க்க வந்து என் மேஜை முன்னால் நின்றாள். நாலு பேர் இருந்ததால் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். குழந்தை கையைத் தலைக்கு மேலே வளைத்தது. ஐந்து முடிந்திருந்தும் காது எட்டவில்லை.

"பொறந்த தேதி எழுதி வச்சிருக்கறேன் டீச்சர். உள்ளத அப்படியே போடுங்க. ஒரு நாள்கூட கொறைக்காதீங்க" என்று இடுப்பிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள்.

விலாசத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. மறுபக்கம் திருப்பினேன். நான் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்த அதே கார்டு.