என் வீட்டுக்காரரின் பச்சை விளக்கு

போகிற வீட்டிலெல்லாம் முதலில் குளியலறையை எட்டிப் பார்க்கிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன பாடு என்று என்னைக் கேளுங்கள். என் வீட்டுக்காரர் ஹீட்டர் மெக்கானிக். செருப்பைக் கழற்றும்போதே "உங்க ஹீட்டர் எப்படி இருக்கு?" என்பார், ஆட்களைப் பற்றிய விசாரணை அப்புறம்தான். என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, ஆஸ்பத்திரி ஹீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் குழந்தையைத் தூக்கினார். தங்கை சிரித்துவிட்டாள், அதனால் என்னிடம் பிழைத்தார்.

தெருவில் அவருக்குக் 'கம்பி' என்று பெயர். வெந்நீர்த் தொட்டி இரும்புதானே, தண்ணீர் அதை அரித்துவிடும். அதற்காக உள்ளே ஒரு மக்னீசியக் கம்பியைத் தொங்கவிடுவார்கள். தொட்டிக்குப் பதிலாக அது கரையும். கரைந்து தீர்ந்தால் வேறு போடவேண்டும், யார் போடுகிறார்கள்? தொட்டி ஒழுகும்போதுதான் ஞாபகம் வரும். ஒழுகும் தொட்டியை மாடிப்படியில் முதுகு ஒடிய இறக்குவது இவர். அதனால், கரையாத கம்பி ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. அது டைட்டானியம் கம்பி. சுவரில் செருகுகிற ஒரு சின்னப் பெட்டியிலிருந்து அதற்குத் துளியூண்டு கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். போகிறவரை துரு கிட்டே வராது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் தொட்டி சுகம்.

"தொட்டி பிழைச்சா என் முதுகும் பிழைக்கும்" என்பார். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே பேசுவார். பக்கத்து அடுக்குமாடியின் செயலாளர் கடைசியில், "பேச்சு போதும், காட்டுங்க. சரியா இருந்தா எங்க வீடுகளுக்கெல்லாம் போட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டார். இவரும் விடவில்லை. யாரோ கழித்துப் போட்ட, உள்பூச்சு விரிசல் விட்ட பழைய தொட்டியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டிலேயே மாட்டினார். கம்பியைப் போட்டு, ஒரு வருஷம் கழித்துத் திறந்து காட்டுகிறேன் என்றார்.

அதே சமயத்தில்தான் அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். அம்மா போனபிறகு அவரைத் தனியாக விட எனக்கு மனசில்லை. வந்த அன்றே சொல்லிவிட்டார்: "இங்க பாரும்மா, பாரமா இருக்கேன்னு தோணுச்சுன்னா அந்த நிமிஷமே தம்பி வீட்டுக்குக் கிளம்பிடுவேன்." தம்பியும் அவன் மனைவியும் காலையில் பூட்டிக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவார்கள். அங்கே அப்பா பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதே என் முழுநேர வேலையானது.

மாமனாரும் மாப்பிள்ளையும் நல்லவர்கள்தான், ஆனால் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவ்வளவு மரியாதை! "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சாம்மா?" என்று என்னிடம் கேட்பார் அப்பா. "மாமாவுக்கு மாத்திரை இருக்கான்னு கேளு" என்பார் இவர். ஒரே மேஜையின் இரண்டு முனையில் இரண்டு பேர், நடுவில் தபால்காரி நான். எனக்கும் வாய் வலிக்காதா?

அப்பா மின்சார ஆபீஸில் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு உடம்பே எரியும். நான் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பின்னால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். திரும்பினால் இருட்டு. கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் ஓடியது. செயலாளர் வந்தார். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தொட்டியின் அடியிலிருக்கிற குழாயைத் திறந்து வெள்ளை வாளியில் தண்ணீரைப் பிடித்தார். செக்கச்செவேல் என்று வந்தது. மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். அடியில் தகட்டைப் பற்றவைத்த தையல் நெடுகப் பொருக்குப் பொருக்காகத் துரு.

"பச்சை எரியுதே..." என்றார், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. ஒயரைத் தொட்டார், பெட்டியைத் தட்டினார், மறுபடி டார்ச் அடித்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

குளியலறை வாசலில் நின்றிருந்த அப்பா, வந்த நாளாக முதல்முறையாக, நேரே இவரிடம் பேசினார். "மாப்பிள்ளை... அந்தப் பெட்டி ராத்திரி பகலா எரியணுமா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. இவருக்கு அதுகூட ஆகவில்லை. ஹீட்டருக்கும் பெட்டிக்கும் ஒரே சுவிட்ச். எல்லோரும் குளித்து முடித்ததும் அப்பா அணைத்திருக்கிறார். சாயங்காலம் இவர் வருவதற்கு முன் போட்டிருக்கிறார். படுக்கப்போகும்போது அணைத்து, விடியுமுன் எழுந்து மறுபடி போட்டிருக்கிறார். இவர் பார்த்தபோதெல்லாம் பச்சை எரிந்தது அப்படித்தான். ஊரையெல்லாம் நிற்கவைத்துப் பாடம் எடுத்தவர் சொந்த மாமனாரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க அப்பாவுக்கும் கூச்சம். இவர்கள் மரியாதையில் இடி விழ!

இவர் சட்டென்று செயலாளர் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது சார். அணைக்கக்கூடாத பெட்டியை ஹீட்டர் சுவிட்சில மாட்டினேன். தனி லைன் இழுத்திருக்கணும்."

"இல்ல சார், நான்தான் அணைச்சேன்" என்றார் அப்பா.

"எங்க வீட்டுலயும் அணைக்கிற ஆளுங்க இருக்காங்க" என்றார் செயலாளர். "அவங்களை வெச்சுக்கிட்டு இது எப்படிங்க நடக்கும்? பார்க்கலாம்." பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? அவர் போய்விட்டார்.

அப்பா தன் அறைக்குள் போனார். நான் போய்ப் பார்த்தபோது வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துட்டேன்ம்மா. தம்பிக்குப் போன் போடு." வழக்கம்போல் இவருக்கும் அவருக்கும் நடுவில் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். "நீ இரு" என்று என்னை விலக்கிவிட்டு, ஈரக்கையோடு இவர் உள்ளே வந்து அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, விடியறதுக்கு முன்னாடி எதுக்கு எழுந்து சுவிட்ச் போட்டீங்க?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. "நீங்க சீக்கிரம் வேலைக்குப் போறவர். தண்ணி சூடா இருக்கட்டும்னுதான்."

இவர் ஈரக்கையைப் புதுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுலேயே பட்டறைக்கு வந்தவன் மாமா நான். குழாயடியில பச்சைத் தண்ணிதான். ஊருக்கெல்லாம் ஹீட்டர் மாட்டுறேன், எனக்குன்னு எழுந்து யாரும் தண்ணி காய வெச்சதில்ல." குரல் உடைந்துவிட்டது. "ஒரு வருஷமா நீங்க வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியவே இல்லையே!"

அப்பா கையிலிருந்த வேட்டியைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், நேரே இவரைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், மாப்பிள்ளை?"