எருக்குழியில் போட்ட களை

ஊரில் அவருக்கு எருக்காரர் என்றே பெயர். சாணம், சாம்பல், வீட்டுக் குப்பை, வயலில் பிடுங்கிய களை என்று எதையும் வீணாக்க மாட்டார். எல்லாம் வீட்டுக்குப் பின்னால் உள்ள குழிக்குள் போய்விடும். "விட்டா என்னையும் ஒருநாள் அதுல தள்ளி மூடிடுவீங்க" என்பாள் மனைவி. கேலி கிடக்கட்டும், அந்த எருவில் அவருடைய சோளம் ஆள் உயரம் தாண்டி நின்ற காலமும் உண்டு. அந்தப் பெருமையில், கணவனை இழந்த தங்கையின் துண்டு நிலத்துக்கும் வருஷம் இரண்டு வண்டி சும்மாவே கொண்டுபோய்க் கொட்டினார். அந்த நிலம் விளைந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

நான்கு வருஷத்துக்கு முன் அவருடைய வயல் மூலையில் சுடுமல்லி தலைகாட்டியது. முழங்காலுக்குக்கூட எட்டாத செடி, சின்ன வெள்ளைப் பூ, பார்வைக்குப் பரம சாது. ஆனால் மண்ணுக்கடியில் சோளத்தின் வேரைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிடும். மனிதர் அதைப் பூத்துக் காய்த்த பிறகு சாவகாசமாகப் பிடுங்கி, வழக்கம்போலக் குழியில் போட்டார். மறுவருஷம் பயிர் சோர்ந்தது. மண்ணில் சத்து போதவில்லை என்று எருவைக் கூட்டினார். களையும் கூடியது. இன்னும் கூட்டினார்.

இந்த வருஷம் தங்கையின் சோளம் இடுப்பளவோடு நின்று வாடியது. பார்க்க வந்த விவசாய அதிகாரி, அந்த வயலிலேயே காய்ந்து நின்ற சுடுமல்லி ஒன்றை உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். பொடிப்பொடியாகக் கொட்டியது.

"இத்தனையும் விதை. பூக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கி எரிச்சிருக்கணும். எருக்குழியில போட்டா லேசுல சாகாது, எருவோட வயலுக்கே திரும்பி வந்துடும். பத்துப் பதினஞ்சு வருஷம் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கும்."

தண்ணீர் எடுக்கப் போயிருந்த தங்கை திரும்பி வந்தபோது அதிகாரி போய்விட்டிருந்தார்.

"என்னண்ணே சொன்னாரு? இந்தக் களை காத்துல வந்திருக்கும், இல்ல?" அவளே தப்பிக்க வழி காட்டினாள். "அடுத்த வருஷம் நாலு வண்டியா போட்டுடு. மண்ணு தேறிடும்."

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"காத்து இல்லம்மா. நான்தான் கொண்டுவந்து கொட்டினேன். வருஷா வருஷம், என் எருவோட." அதிகாரி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நிலத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள். அவரும் பக்கத்து வரிசையில் குனிந்தார். பொழுது சாயும்வரை இருவரும் பிடுங்கினார்கள். சாக்கு நிறைந்ததும் பழக்க தோஷத்தில் அதைத் தூக்கித் தோளில் வைத்தார்.

தங்கை வந்து சாக்கை வாங்கிக்கொண்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும்ணே. நானே எரிச்சுக்கறேன்."