ரதியின் சிவப்புச் சேலை

கொட்டகலை கடைவீதியில் ஆட்டோவுக்குப் பேட்டரி மாற்றக் காத்திருந்தேன். அந்த அமில வாடை என்னைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே இழுத்துப் போய்விட்டது. அங்கே டிவி ஓடியது பேட்டரியில்தான்.

காமன் கூத்தில் அப்பா ரதி வேஷம் கட்டுவார். ஒருமுறை கொழும்பு டிவி நிலையத்தில் அப்பா குழுவின் கூத்தைப் படம் பிடித்தார்கள். அது ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லயமே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. ஈரக் கம்பளி வாடை, ரொட்டி சுட்ட புகை. சிவப்புச் சேலையில் அப்பா ஆடினார். பக்கத்தில் இருந்த அப்பாவே, “யாரும்மா அந்தப் பொம்பள?” என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. சிவப்பை எங்கே பார்த்தேன்? அம்மாவோ, “அப்பா டிவில வர்றதுக்கு முந்தியே பேட்டரி எறங்கிருச்சு, யாருமே பாக்கல” என்கிறார். கேட்கலாமென்றால் அப்பா இப்போது இல்லை.

கடையில் நின்றபடியே அந்த டிவி நிலையத்துக்குப் போன் செய்து, அந்தக் கூத்துப் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகச் சொன்னார்: “அப்ப டேப் விலை கூடங்க. ஒளிபரப்பு முடிஞ்சதும் அது மேலயே அடுத்த நிகழ்ச்சிய எடுத்துருவாங்க. பழசு ஒண்ணும் இல்ல.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப அவரு அடியிலதானே இருப்பாரு? மேல எடுத்தத அழிச்சுட்டுப் பாக்கச் சொல்லு. நான் இன்னும் பாக்கலயே.”